முரசு (பல் ஈறு) வருத்தமும் இரத்தச்சோகையும்: அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. நாங்கள் கொக்குவில். அம்மாவுக்கு வயது 58. ஆறு மாசமா இரும்புச்சத்துக் குளிசை போடுறா. முருங்கையிலை வறை, கீரை எண்டு சாப்பாட்டிலையும் குறை வைக்கேல்லை. குளிசையோட தேத்தண்ணி குடிக்கிறதையும் நிப்பாட்டியாச்சு. ஆனா ஈமோகுளோபின் 9.8இல இருந்து 10.1க்குத்தான் வந்திருக்கு. பொம்பிளையளுக்கு 12க்குக் கீழ போனாலே சோகைதான். கிணத்தடியில இருந்து ஒரு வாளி தண்ணி கொண்டு வர, நடுவில நிண்டு மூச்சு வாங்குறா.

போன கிழமை கொய்யாப்பழம் கடிச்சவா. பல்லுப் பதிஞ்ச இடம் முழுக்க இரத்தம். கேட்டா, "அது கன வருசமா இருக்கு பிள்ளை" எண்டுறா. எனக்கு நெஞ்சு பகீரெண்டு போச்சு. பல் வைத்தியர் பாத்திட்டு, முரசு கரைஞ்சிட்டுது, வேர் வரைக்கும் பல்லில படிஞ்ச காறையை எடுக்கோணும் எண்டார். இப்பிடி முரசில நாட்பட்ட அழற்சி இருந்தா ஈரல் ஹெப்சிடின் எண்ட ஓமோனைக் கூடச் சுரக்குமாம். குடல் இரும்பை உறிஞ்சுறதையும் உடம்பில சேமிச்ச இரும்பு வெளிய வாறதையும் அது மறிக்குமாம். முரசுக்கு வைத்தியம் செய்தாப் பிறகு சிலருக்கு ஈமோகுளோபின் கூடியிருக்கெண்டும் சொன்னவர்.

இப்பிடிப் பலன் கண்ட ஆரும் இருக்கிறீங்களோ? எத்தனை மாசத்தால இரத்தம் திரும்பச் சோதிச்சனீங்கள்? சோகையோட வேர் துப்புரவாக்கேக்கை இரத்தம் கனக்கப் போகுமோ? யாழ். போதனா வைத்தியசாலையில இந்த வைத்தியத்துக்குக் கடிதம் கொண்டுபோகோணுமோ? குடலில எங்கையும் இரத்தம் கசியுதோ எண்டு பாக்கவும் டொக்டர் எழுதித் தந்திருக்கிறார், அதையும் விடமாட்டம். தெரிஞ்சவை தயவுசெய்து சொல்லுங்கோ, வாற செவ்வாய் திரும்பப் போகோணும்.