உணவுக் கட்டுப்பாடு தன்னை உருவாக்கிக்கொள்வதா, அடங்கிப்போவதா?

முல்லைக்கொடி:
முதுகலை ஆய்வுக் கட்டுரைக்காக ஒரு தெளிவு தேவை. எடை குறைக்கச் சாப்பிடும் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை ஒரு குழுவில் எடை பார்த்துக்கொள்ளும் பெண்ணை உதாரணமாக எடுத்திருக்கிறேன். சிறைச்சாலை பற்றி பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஃபூக்கோ 1975இல் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது கண்காணிப்பு. காவலாளியும் அவளே, கைதியும் அவளே. பண்டைக் கிரேக்கரின் அறவியல் பற்றி அவரே 1984இல் எழுதியதை வைத்துப் பார்த்தால், தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் பயிற்சி. எதை வைத்துப் பிரிப்பது? ‘அவளே விரும்பித்தானே செய்கிறாள்’ என்று முடிக்க மனம் வரவில்லை.

கரிசல்:
விருப்பம் எங்கிருந்து வந்தது என்று தோண்டாதீர்கள், அதற்கு அடி கிடைக்காது. நம் வெட்கம், லட்சியம், பேசும் மொழி எல்லாமே பிறர் தந்தவை. அந்த வழியில் போனால் எல்லாப் பெண்களும் ஏமாந்தவர்கள் என்ற முடிவில்தான் கொண்டுபோய் விடும்.

1984 நூலின் முன்னுரையில் ஃபூக்கோ நான்கு கேள்விகளைப் பிரித்து வைக்கிறார். ஒருவர் தன்னில் எந்தப் பகுதியின் மீது வேலை செய்கிறார்? எதன் பேரில் அந்த விதிக்குக் கட்டுப்படுகிறார்? என்ன பயிற்சி செய்கிறார்? என்னவாக ஆகப் பார்க்கிறார்? நோட்டும் எடை இயந்திரமும் மூன்றாவது கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. அதை மட்டும் பார்ப்பதால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. ‘முட்டி வலிக்காமல் மாடி ஏற வேண்டும்’ என்பவளும் ‘இந்த உடம்போடு வெளியே தலைகாட்ட முடியவில்லை’ என்பவளும் எழுதும் நோட்டு ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவது, நான்காவது கேள்விகளில்தான் பிரிவார்கள்.

பெண்ணியத் தத்துவ அறிஞர் கிரெசிடா ஹேயஸ் 2007இல் எழுதிய நூலில் இதே உதாரணம் இருக்கிறது. இத்தகைய குழுக்களில் உண்மையிலேயே திறன் வளர்கிறது என்பதை அவர் மறுப்பதில்லை: தன் மீது கவனம், திட்டமிடல், தனக்கென்று ஒதுக்கும் நேரம். திறன் வளர வளர அடங்கிப்போவதும் சேர்ந்தே வளர்வதுதான் சிக்கல். இதிலிருந்து நான் எடுக்கும் சோதனை (ஹேயஸ் பெயரில் மேற்கோள் காட்ட வேண்டாம்): எடை இயந்திரத்தை அப்புறப்படுத்திவிட்டால் அந்தத் திறனுக்கு வேறு வேலை மிஞ்சுகிறதா?

பெண்ணியத் தத்துவ அறிஞர் சாண்ட்ரா பார்ட்கியின் 1988 கட்டுரையையும் விடாதீர்கள். ஆணையிடுபவர் யாரும் கண்ணில் படாததால்தான் பெண்மையின் ஒழுங்கு சொந்த விருப்பம் போலத் தோன்றுகிறது என்று அவர் காட்டும் இடம் உங்கள் கடைசி வரிக்கு நேரான பதில்.

நெய்தல்:
ஒரு எச்சரிக்கை. கிரேக்க அறவியல் சுதந்திரமான ஆண்களுக்காக ஆண்கள் வகுத்தது. ஃபூக்கோவே அதைச் சொல்கிறார். அந்த நான்கு கேள்விகளில் ‘அவளுக்கு வேறு வழி இருந்ததா’ என்பது இல்லை. அதற்கு பிரெஞ்சுப் பெண்ணியத் தத்துவ அறிஞர் சிமோன் தெ பொவ்வார் வேண்டும்.

1947இல் அறவியல் பற்றி எழுதிய நூலில் அவர் ஒரு கோடு போடுகிறார். வெளியேறும் வாய்ப்பே இல்லாதவர் மீது பழி இல்லை. வாய்ப்பு தெரிந்தும் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது சுதந்திரத்தைத் துறப்பது. ஆகவே வாய்ப்பை விவரமாக எழுதுங்கள். வேலைக்குத் தோற்றம் ஒரு நிபந்தனையா? வீட்டில் மற்றவர்களுக்குச் சமைப்பது யார்? குழுவை விட்டு விலகினால் என்ன இழப்பு?

அதே நூலில் சாகசக்காரன் என்ற வகை வருகிறது. அவன் தன்னை உற்சாகமாக உருவாக்கிக்கொள்கிறான், ஆனால் பிறரைக் கருவியாக்குகிறான். என் சுதந்திரத்தை விரும்புவது பிறர் சுதந்திரத்தையும் விரும்புவதுதான் என்ற வாதத்தை அவன் மீறுகிறான். உங்கள் உதாரணத்தில், அந்தப் பெண் தன் மகளின் தட்டையும் எண்ணத் தொடங்கும் இடம் இதுதான்.

பாலைமணல்:
நெய்தலோடு முழுக்க உடன்பட முடியாது. சுதந்திரத்தையே அளவுகோலாக வைத்துவிட்டுத் தேடினால் அதுதான் கிடைக்கும். மசூதிகளில் கூடி மார்க்கம் பயிலும் கெய்ரோவின் மசூதி இயக்கப் பெண்களைப் பற்றி மானிடவியலாளர் சபா மஹ்மூத் 2005இல் வெளியிட்ட நூலைப் பாருங்கள். அந்தப் பெண்கள் அடக்கத்தைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்கிறார்கள். முக்காடு ஏற்கெனவே உள்ள அடக்கத்தின் அடையாளமாக மட்டும் இல்லை, அடக்கத்தை உண்டாக்கும் கருவியாகவும் இருக்கிறது. கடும் பயிற்சிக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் பியானோ கலைஞரை மஹ்மூத் உதாரணம் காட்டுகிறார். வளைந்து கொடுப்பதால்தான் அங்கே திறனே வருகிறது.

நெய்தல்:
விவரிக்கும் கட்டத்தில் இதை ஏற்கிறேன். ஆனால் பியானோவை மூடிவிட்டு எழுந்து போகலாம். போக முடியாத பெண்ணைப் பற்றிப் பேசும்போது விவரணையோடு நிறுத்திக்கொள்வது அவளுக்குச் செய்யும் அநீதி.

முல்லைக்கொடி:
அப்படியானால் முதலில் நான்கு கேள்விகளாலும் உள்ளிருந்து விவரித்து, பிறகு வாய்ப்பும் பிறர் சுதந்திரமும் என மதிப்பிடுகிறேன். பெண்களின் நிலை பற்றிய பொவ்வாரின் 1949 நூலும் தேவையா?

கரிசல்:
இரண்டாம் தொகுதியில் தன்மோகி, காதலில் கரைபவள், இறைப்பித்தி என மூன்று அத்தியாயங்கள் இருக்கின்றன. அடைபட்ட நிலையிலிருந்தே தனக்கு ஒரு நியாயம் தேடும் முயற்சிகள் அவை. உங்களுக்குத் தன்மோகி அத்தியாயம் போதும். ஆங்கிலத்தில் படிப்பதானால் 1953 பதிப்பு வேண்டாம், அதில் நிறைய வெட்டியிருக்கிறார்கள். 2009இல் வந்ததுதான் முழுமையானது.