மறு: மறு: ‘கேட்டகாரிகல் பெர்செப்ஷன்’ – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். உளவியல் பாடநூலின் நிற இயலை மொழிபெயர்க்கிறேன்; திங்களன்று அச்சுக்குப் போகிறது. நீலத்திலிருந்து பச்சைக்குச் சமமான படிகளில் நகர்ந்தாலும், இரண்டும் பிரியும் எல்லையில்தான் வேறுபாடு சட்டென்று தெரிகிறது. பச்சைக்குள்ளேயே அடுத்தடுத்த இரு சாயல்களைப் பிரிப்பது கடினம். இதற்குச் ‘சொல்வழிப் புலனுணர்வு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

*

‘சொல்வழி’ வேண்டாம் அம்மா. 4 மாதக் குழந்தைகள் நிறங்களை வகைபிரித்துப் பார்ப்பதை 1976இல் உளவியலாளர் பார்ன்ஸ்டைன் குழுவினர் காட்டிவிட்டார்கள். அந்த வயதில் சொல் ஏது? ‘வகைப் புலனுணர்வு’ போதும்.

*

மொழியை ஒரேயடியாகக் கழற்றிவிடவும் முடியாது. ரஷ்ய மொழியில் அடர்நீலம் ‘சீனிய்’, வெளிர்நீலம் ‘கலுபோய்’. 2007 ஆய்வில், காட்டிய நீலங்கள் அந்த எல்லையின் இருபுறமும் விழுந்தபோது ரஷ்யர்கள் விரைவாகப் பிரித்தறிந்தார்கள். எண்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே பார்க்கச் சொன்னதும் அந்த விரைவு போய்விட்டது! ஆங்கிலம் பேசுவோரிடம் அது முதலிலேயே இல்லை.

*

பி.எட். மாணவர்கள் பெர்செப்ஷனைப் ‘புலக்காட்சி’ என்றுதானே படிக்கிறார்கள்? ‘வகைப் புலக்காட்சி’ என்றால் உடனே புரியும்.

*

காட்சி என்றால் மாணவர் கண்ணோடு நின்றுவிடுவார். இந்தக் கருத்து முதலில் வந்ததே பேச்சொலியிலிருந்து. 1957இல் லிபர்மன் குழுவினர் செய்த ஆய்வு. ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் நம் காதுக்கு வேறு வேறு, ளகரம் இல்லாத மொழிக்காரருக்கு அப்படியா?

*

ஐயா, காட்சி கண்ணுக்கு மட்டும் உரியதன்று. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் சொல்லும் வாயிற்காட்சி, அதாவது பொறிவழி அறிதல், ஐம்பொறிக்கும் பொது. ஆயத்தச் சொல்லை விட்டுவிட்டு ஏன் ஒட்டுப்போட வேண்டும்? அப்புறம், நிறம் என்று வந்துவிட்டதால் ஒன்று: பச்சையான பைங்கிளிக்கும் மஞ்சளான பைம்பொன்னுக்கும் அடி ‘பசுமை’ ஒன்றே. பிரிவுத் துயரில் மேனியில் படரும் பசலையையும் சேர்த்தால், பச்சைக்கும் மஞ்சளுக்கும் நம் முன்னோர் எல்லையை வேறிடத்தில் போட்டார்கள் என்பது என் துணிபு. ‘குருவும் கெழுவும் நிறன் ஆகும்மே’, அதாவது இவ்விரு சொல்லுக்கும் நிறம் என்று பொருள் என்கிறது தொல்காப்பிய உரியியல். அந்தக் ‘குரு’தான் குருதியிலும் இருக்கிறது என்பேன்.

*

பசலைக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, நானும் வருகிறேன். இப்போது நூல் போக வேண்டும்.

*

பெரும்பாலோர் கேட்டபடி ‘வகைப் புலனுணர்வு’ என்றே அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

*

எனக்கு இன்னும் உடன்பாடில்லை. சொல்லடைவிலாவது ‘வகைப் புலக்காட்சி’யையும் சேருங்கள், தேர்வுத்தாளில் அந்தச் சொல்தான் வரும்.