சவரக்கத்தி வாலில் துளை இறங்கவில்லை, பிட்தான் மழுங்குகிறது

சாட்ஸ்வொர்த்_கைவேலை
வணக்கம். பழைய ஷெஃபீல்டு சவரக்கத்தி ஒன்றைச் சரிசெய்கிறேன். அலகு அருமையாக இருக்கிறது. ஆனால் டர்பன் நகரத்துக் கடல் உப்புக்காற்று வாலை, அதாவது பிடியோடு ஆணியில் மாட்டும் பின்பகுதியை, தின்றுவிட்டது. ஆணித்துளை இருந்த நுனி உதிர்ந்துபோச்சு. கொஞ்சம் முன்னால் தள்ளி, 1.6 மி.மீ. பித்தளை ஆணிக்குப் புதுத் துளை போடணும். ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டிரில் பிட் வழுக்குது. கோபால்ட் பிட் ஒரு பளபளப்பான புள்ளி வைத்ததோடு சரி. கேஸ் டார்ச்சில் வாலைச் சிவக்கக் காய்ச்சினால் இளகுமா?

லெனேசியா_பட்டறை
தம்பி, டார்ச் வேண்டாம். கத்தி எஃகு 200 டிகிரி தாண்டினாலே பதம் இறங்க ஆரம்பிக்கும். வாலுக்கும் அலகுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கு சொல்லு! அதுவும் ஒரு புள்ளியை மட்டும் சிவக்க வைத்தால், சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அந்த இடம் திரும்பவும் கெட்டிப்பட்டுவிடும்.

முதலில் வாலில் அங்கங்கே அரத்தை வைத்துப் பார். கடித்தால் அங்கே புது கோபால்ட் பிட்டே போதும்: மெதுவான வேகம், நல்ல அழுத்தம், எண்ணெய். வழுக்கினால் கார்பைடு பிட்தான். அது கெட்டி, ஆனால் துளி ஆட்டம் தாங்காது. கை டிரில்லில் போட்டால் முறிந்துவிடும். ஸ்டாண்ட் டிரில், இறுக்கமான வைஸ், அடியில் ஒரு பித்தளைத் தகடு. மறுபக்கம் துளை வெளிவரும்போதுதான் பெரும்பாலும் ஒடியும், அதனால் கடைசியில் கையைத் தளர்த்து. கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதே. அலகின் மேல் கெட்டி டேப் சுற்றிக்கொள்.

சாட்ஸ்வொர்த்_கைவேலை
அண்ணே, அரம் எங்கேயுமே கடிக்கலை. ஸ்டாண்ட் டிரில்லும் என்னிடம் இல்லை.

மாரிட்ஸ்பர்க்_கல்வேலை
அப்போ வைரப்பொடி பூசிய சின்ன பர் (அரைத்துத் துளைக்கும் முனை) வாங்குங்க, கையடக்க ரோட்டரி மிஷினில் மாட்டலாம். துளைக்கும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி, உள்ளே தண்ணீர். பேட்டரி மிஷினாக இருந்தால் நல்லது: தண்ணீர் பக்கத்தில் மின்கம்பி இருக்காது, லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தாலும் வேலை நிற்காது. அழுத்தாதீங்க. தொட்டுத் தொட்டு எடுங்க. சூடானால் வைரம் இரும்போடு சேர்ந்து கரைந்துபோகும், அதனால்தான் எஃகில் சீக்கிரம் தேயுது. நாலைந்து பர் கையில் இருக்கட்டும். பாதி வரை ஒரு பக்கம், அப்புறம் திருப்பி மறுபக்கம்.

லெனேசியா_பட்டறை
இது சரியான வழி. நேரம் பிடிக்கும், ஆனால் பதம் போகாது. இன்னொன்று தம்பி: துளை முன்னால் வந்தால் மடக்கும்போது கத்தியின் தோள் பிடியில் இடிக்கலாம். துளை போடும் முன்னே அட்டையில் பிடி வெட்டி, குண்டூசி குத்தி மடக்கிப் பார்.

சாட்ஸ்வொர்த்_கைவேலை
அட்டையில் பார்த்தேன் அண்ணே, இடிக்குது. 2 மி.மீ. பின்னால் தள்ளிக் குறித்திருக்கிறேன். விளிம்பில் இன்னும் போதுமான எஃகு இருக்கு. பர் 1.4-இல் போட்டு, கடைசியில் உரசி 1.6 ஆக்கலாமா, நேராக 1.6 போடவா?

மாரிட்ஸ்பர்க்_கல்வேலை
1.4 போடுங்க. பர் ஆடி ஆடித் துளை தானாகவே கொஞ்சம் பெரிசாகும்.