முற்றல்: பட்டன் தேயாமலே செத்துப்போகும் டயருக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

டயருக்குத் தமிழ்ச் சொல் என்ன என்று நம் கலைச்சொல் குழுவில் ஒரு மடல் இழை ஒரு வாரமாக ஓடுகிறது. உருளிப்பட்டை, சக்கரப்பட்டை, வட்டை, சூட்டு என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: டயர் டயராகவே இருக்கட்டும். மாட்டுவண்டியில் வட்டை என்பது ஆரக்கால்களைச் சூழ்ந்த மர விளிம்பு. அதன்மேல் காய்ச்சி இறக்கும் இரும்பு வளையம் பட்டா. காற்றடைத்த ரப்பர் இரண்டின் இடத்திலும் ஒழுங்காக உட்காராது. சூட்டு, பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிச் சக்கரத்துக்கு வரும் நல்ல பழைய சொல்தான். ஆனால் மே மாதச் சென்னையில் "காரின் சூட்டைக் கொஞ்சம் பாருங்கள்" என்றால் மெக்கானிக் நேராக ரேடியேட்டரைத்தான் திறப்பார்.

சொல் இல்லாமல் நான் உண்மையிலேயே தவித்தது வேறோர் இடத்தில். அதற்காகத்தான் இந்த மடல்.

என்னிடம் இருப்பது சின்னக் கார், 2018-இல் வாங்கியது. அலுவலகத்துக்குப் பறக்கும் ரயில் இருப்பதால் கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும்தான். ஏழு ஆண்டில் 24,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. திருவல்லிக்கேணியில் காருக்கு நிழல் கேட்க முடியுமா? தெருவோரம், பகல் முழுக்க வெயிலில் நிற்கும். போன மாதம் இடது முன்பக்க டயரில் அடிக்கடி காற்று இறங்குகிறது என்று ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். எனக்குப் பஞ்சர் சந்தேகம். கடைக்காரர் குனிந்து பார்த்தார், பக்கச் சுவரில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்தினார், எழுந்து கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பட்டன் இருக்கு சார். ஆனா டயர் செத்துப்போச்சு."

பட்டன் என்பது டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள். அது நிறையவே இருந்தது. பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ.க்கு மேல். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு ஒரே மட்டத்துக்கு வந்தால் டயரை மாற்ற வேண்டும். என் டயர் அதற்கு வெகு தொலைவில் இருந்தது. ஆனால் பக்கச் சுவரைக் கையால் விரித்துக் காட்டினார்: வற்றிய ஏரியின் அடிமண்போல மயிரிழை வெடிப்புகள். நான்கிலும் அதே கதை.

தேய்ந்த டயருக்கு நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. தேய்ந்தது, மொட்டையானது, கடைசியில் கம்பி தெரிந்தது என்று படிப்படியாகச் சொல்லலாம். தேயாமலே கெட்டதற்கு "செத்துப்போச்சு" ஒன்றுதான். அது தீர்ப்பு, காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் தெரியாததால்தான் என்னைப் போன்றவர்கள் பட்டனை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்கிறோம்.

இதற்கு இழையில் ஏற்கெனவே வந்தவற்றைப் பார்த்துவிடுவோம்.

> ஆங்கிலத்தில் டிரை ராட் என்கிறார்கள். வறட்சி அழுகல் எனலாமே?

ஆகாது ஐயா. அது மரத்தைப் பூஞ்சை தின்பதற்கு ஏற்பட்ட பெயர். டயரில் எதுவும் அழுகுவதில்லை, பூஞ்சையும் இல்லை. அவர்கள் உவமையாகச் சொன்னதை நாம் உண்மை என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் டயரை முகர்ந்து பார்ப்பார்.

> முதிர்வு பொருந்தும்.

வங்கி அதை எடுத்துக்கொண்டு வெகு நாளாகிறது. முதிர்வுத் தேதி என்றால் வைப்புத்தொகை வட்டியோடு கைக்கு வரும் நாள். டயரின் முதிர்வுத் தேதியில் கையிலிருப்பதும் போகும்.

> மூப்பு?

நல்ல சொல். ஆனால் அரசு அலுவலகத்தில் மூப்பு இருந்தால் பதவி உயர்வு. அதோடு, மூப்பு என்றால் ஆண்டுக்கணக்கு மட்டும்தான் காதில் விழுகிறது. ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு டயர்களில் ஊட்டியில் ஓடியதும் இங்கே வெயிலில் நின்றதும் ஒரே மாதிரி கெடுவதில்லையே.

என் பரிந்துரை: முற்றல்.

கோயம்பேட்டில் வெண்டைக்காய் வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்ப்பது எதற்கு? பார்வைக்குப் பச்சையாக, பளபளப்பாக இருக்கும். ஒடியாமல் வளைந்தால் உள்ளே நார் ஏறிவிட்டது, முற்றல் என்று தள்ளிவிடுவார். கடைக்காரர் நகத்தை ஊன்றியதும் அதே சோதனைதான் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

உவமை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ரப்பருக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினார். ரப்பரின் நீண்ட இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் கட்டியது. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும் பதம் கிடைத்தது. தொழிற்சாலையில் அந்தப் பதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வெப்பமும் ஆக்சிஜனும் நிறுத்துவதில்லை. ஆண்டுக்கணக்கில் மேலும் மேலும் பாலங்கள் விழுகின்றன, ரப்பர் விறைத்துக்கொண்டே போகிறது. பதம் தாண்டிப் போவதுதானே முற்றல்? வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்று பள்ளியில் படித்திருப்போம். 2003 மே மாதம் 45 டிகிரியைப் பார்த்த ஊர் இது. வெயிலில் தார் ரோடு அதைவிடச் சூடு. முற்றலை ஆராய அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அரிசோனாப் பாலைவனத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஓடிய டயர்களைத் திரட்டியதும் இந்தச் சூட்டுக்காகத்தான்.

இன்னொன்று. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். அதிலிருந்து காக்க ரப்பரில் மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது அது உள்ளிருந்து கசிந்து மேலே மெல்லிய படலமாகும். நின்றுகொண்டே இருக்கும் காரில் அந்தக் கசிவு குறைவு. ஆக, "நான் காரையே எடுப்பதில்லை, டயர் புதுசு மாதிரி இருக்கும்" என்று நான் பெருமையடித்ததுதான் என் டயரைக் கெடுத்திருக்கிறது.

முற்றலை வைத்துப் பிற சொற்களும் எளிதாகக் கிளைக்கின்றன: முற்றிய டயர், முற்றல் வெடிப்பு, முற்றல் தடுப்பி, முற்றல் சோதனை. நோய் முற்றியது, சண்டை முற்றியது என்கிறோமே, அந்தக் கெட்ட வாசனையும் கூடவே வருகிறது. கலைச்சொல்லுக்கு அது தேவைதான்.

டயர் வாங்கப் போன இடத்தில் சிக்கிய வேறு இரண்டு சொற்களையும் வைத்துவிடுகிறேன்.

சில டயர்களின் பக்கச் சுவரில் டெம்பரேச்சர் என்று போட்டு ஏ, பி, சி என ஓர் எழுத்து இருக்கும். இதை வெயில் தரம் என்று ஒருவர் பெயர்த்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்து, சென்னைக்கு ஏ வேண்டும் என்று கடையில் அடம்பிடித்தேன். அந்த எழுத்து ஊர் வெயிலைப் பற்றியதே அல்ல. வேகமாக ஓடும்போது டயர் தனக்குள் உண்டாக்கும் சூட்டைத் தாங்கி வெளியே தள்ளும் திறனை உருளையில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் தரம். ஏ இருந்தால் நல்லதுதான்; ஆனால் பெயர் ஓட்டச்சூட்டுத் தரம் என்றிருக்க வேண்டும். வெயில் தரம் என்று எழுதினால் தப்பான டயரை நம்பி வாங்க வைப்போம்.

அடுத்தது, குளிர் அழுத்தம். காற்று பிடிக்கும் அளவைக் கார்க் கையேட்டில் டயர் "கோல்டு" ஆக இருக்கும்போது பார்க்கச் சொல்வார்கள். அதை அப்படியே குளிர் என்று போட்டால் சென்னைவாசி மார்கழிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கேட்பது, ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்ற டயர். ஆறிய அழுத்தம் போதுமே? காபி ஆறுவதுபோல. ஓடிச் சூடான டயரில் காற்று விரிந்து, 5 அல்லது 6 டிகிரிக்கு ஒரு பவுண்டு வீதம் மானி கூடுதலாகக் காட்டும். அதிகம் என்று பயந்து இறக்கிவிட்டால், ஆறியதும் காற்று பற்றாது. பக்கச் சுவர் அதிகம் நெளிந்து இன்னும் சூடேறும். கோடையில் டயர் வெடிப்பதற்குக் காற்று குறைவும் ஒரு முக்கியக் காரணம்.

   

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

*

உங்கள் முற்றல் மடலுக்குப் பதிலாகத் தாம்பரத்திலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டு வேதியியல் நடத்திய பழக்கம், திருத்தாமல் இருக்க முடியவில்லை.

10 டிகிரிக்கு இரண்டு மடங்கு என்பது குத்துமதிப்பு, எல்லா வினைக்கும் பொருந்தாது. அதை விடுங்கள். பெரிய சிக்கல் வேறு. பீரோவில் கிடக்கும் பழைய ரப்பர் பேண்டை எடுத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இழைகளுக்கு நடுவே பாலம் விழுவது ஒரு பக்கம் என்றால், இழைகளே அறுந்துபோவது இன்னொரு பக்கம். இயற்கை ரப்பர் கெடும்போது பல நேரம் முதலில் இளகத்தான் செய்யும். இளகியதை முற்றல் என்பீர்களா? வெண்டைக்காய் அழுகினால் முற்றல் என்று சொல்ல மாட்டோமே.

ஓசோன் வெடிப்பையும் இதில் சேர்க்காதீர்கள். அது மேல்தோலில், இழுபடும் இடத்தில் நடப்பது. முற்றுவது உள்ளேயும் நடக்கும். வெடிப்பே தெரியாமல் முற்றிய டயரும் உண்டு.

ஆறிய அழுத்தம் அருமை.

*

தாம்பரம் அம்மா சொன்னது சரி. ரப்பர் பேண்டு என்னைக் கவிழ்த்துவிட்டது. இப்படி மாற்றிக்கொள்கிறேன்: பொதுவாக ரப்பர் காலத்தால் கெடுவதற்கு மூப்பு இருக்கட்டும் (மூப்பைக் கிண்டல் செய்ததற்கு அந்த நண்பர் மன்னிக்க). மூப்பில் இரண்டு வகை: விறைத்துப் போனால் முற்றல், பிசுபிசுத்தால் இளகல். டயரில் செயற்கை ரப்பரும் கலந்திருப்பதால் நாம் பெரும்பாலும் பார்ப்பது முற்றல். மேல்தோல் வெடிப்பு ஓசோன் வெடிப்பு என்று தனியாகவே நிற்கட்டும். முற்றல் வெடிப்பு என்ற கிளைச்சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்று டயர் மாட்டப் போனபோது சொல்லைக் கடையிலேயே சோதித்தேன். முதலில் அவர் எடுத்து வைத்த டயரில், பக்கச் சுவரின் நீள எழுத்து வரிசை முடிவில் 4623 என்றிருந்தது. 2023-ஆம் ஆண்டின் 46-ஆவது வாரம் செய்தது. இன்னும் புதிது வேண்டும் என்றேன். சலித்துக்கொண்டே மாடிக்கு ஆள் அனுப்பினார், 1425 வந்தது. மாட்டி முடித்து, பேலன்சிங் பார்த்து, அலைன்மென்ட் சரிசெய்து, டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி ஒருநாள்கூட ரோட்டைத் தொட்டதில்லை. வார்ப்பு அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகள்கூட அப்படியே நின்றன. தேதி மட்டும் 2018.

"இதுவும் முற்றலா பாருங்க" என்றேன், விளக்கம் எதுவும் சொல்லாமல்.

அவர் நகத்தை ஊன்றினார். "நல்லா முத்திப்போச்சு சார். அவசரத்துக்கு வீடு வரைக்கும் வரும், அவ்வளவுதான்."