வீட்டுக்காரருக்குச் சின்னம்மை, டாக்டரிடம் டோக்கனே கிடைக்கவில்லை, என்ன செய்ய?

திருப்பூர்க்காரி (செவ்வாய், காலை):
வீட்டுக்காரருக்கு 36 வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார், வீட்டில் விசேஷம், அலைச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். நேற்று இரவு பத்து மணிக்குச் சட்டையைக் கழற்றினால் முதுகில் நாலைந்து கொப்புளம், நீர் கோத்து முத்து முத்தாக. விடிவதற்குள் முகம், தலை, வாய்க்குள் வரை வந்துவிட்டது. காய்ச்சல் 102.

வழக்கமாகப் போகும் டாக்டருக்குக் காலை 7 மணிக்குப் போன் போட்டு டோக்கன் வாங்க வேண்டும். 7 மணியிலிருந்து லைன் பிஸி, 7.25க்குக் கிடைத்தபோது "இன்னைக்கு முடிஞ்சுதுங்க" என்றார்கள். தோல் டாக்டரிடம் கேட்டால் சனிக்கிழமை. இன்னொரு இடத்தில் அம்மை என்று சொன்னதுமே, எல்லாம் காய்ந்த பிறகு வாங்க என்று வைத்துவிட்டார்கள். காய்ந்த பிறகு நான் எதற்கு வரப்போகிறேன்? அத்தையோ டாக்டரே கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்கிறார், வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. நாலு வயதில் மகன் இருக்கிறான். எங்கே போவது?

மாடிவீட்டுக்காரன்:
சகோ, எதற்கு இவ்வளவு பதற்றம்? எனக்கு ஏழாவது படிக்கும்போது வந்தது. மாத்திரையும் இல்லை, மண்ணும் இல்லை, இளநீரும் நுங்கும்தான், மூன்று தண்ணீர் ஊற்றினார்கள், இறங்கிவிட்டது.

பழைய நர்ஸ்:
தம்பி, ஏழாவது படிக்கிற பையனும் 36 வயது ஆளும் ஒன்றில்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும், பெரியவர்களுக்கு நுரையீரல் வரை போய் நிமோனியாவில் கொண்டுவிடுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். புகை பிடிப்பவர் என்றால் இன்னும் மோசம்.

திருப்பூர்க்காரி, கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அம்மை வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை நன்றாக வேலை செய்யும். அதாவது உங்களுக்கு இன்று இரவு பத்து மணி வரை நேரம். சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. தோல் டாக்டர்தான் வேண்டும் என்றில்லை, எந்த எம்பிபிஎஸ் டாக்டரும் எழுதித் தரலாம். கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும், அதனால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் பக்கம் போகவே கூடாது.

அப்புறம், விசேஷம் என்றீர்களே, யார் யார் வந்தார்கள்? கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே தொற்ற ஆரம்பித்துவிடும்.

கோவை சகோதரன்:
போன வருடம் எனக்கும் இதே கதைதான். போனில் இ-சஞ்சீவனி போட்டுப் பாருங்கள், மத்திய அரசின் இலவச ஆன்லைன் மருத்துவம். மொபைல் நம்பருக்கு ஓடிபி வரும், டோக்கன் வரும், டாக்டர் வீடியோவில் வருவார். கொப்புளத்தைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் போட்டோ எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், இருட்டு அறையில் வீடியோவில் காட்டினால் ஒன்றும் தெரியாது. மருந்துச் சீட்டும் போனுக்கே வந்துவிடும். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

அதுவும் சரிவரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையம். அப்பாயின்ட்மென்ட் கிடையாது, ஓபி சீட்டுதான். ஆனால் நேராகக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள். அவரை வெளியே மரத்தடியில் மாஸ்க்கோடு நிறுத்திவிட்டு, நீங்கள் முதலில் போய் அம்மை என்று சொல்லுங்கள். எனக்கு அந்த நர்ஸ் அக்கா பின்பக்க வராண்டாவில் வைத்தே பார்க்க ஏற்பாடு செய்தார்.

திருப்பூர்க்காரி:
அக்கா, நீங்கள் கேட்டதும் கை கால் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு வளைகாப்பு. ஏழு மாதம். அண்ணன் முறைக்கு இவர்தான் பக்கத்திலேயே நின்றார்.

பழைய நர்ஸ்:
பயப்படாதீர்கள், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். நாத்தனாருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா என்று முதலில் கேளுங்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. தெரியாது என்றால், பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இன்றைக்கே போன், வளைகாப்பில் தொற்று பட்டிருக்கலாம் என்று அந்த வார்த்தையையே சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். இல்லை என்றால் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்புச் சக்தியையே நேராக ஏற்றும் ஊசி போட வழி இருக்கிறது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி மட்டும் போடக்கூடாது.

மகனுக்குத் தடுப்பூசி போட்டீர்களா? இது அரசு இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரில் காசு கொடுத்துப் போட்டால்தான் உண்டு. போடாத குழந்தைக்குத் தொற்று பட்ட மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டாலும் பலன் இருக்கிறது.

அத்தையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தனி அறை, தனித் தட்டு, யாரையும் உள்ளே விடாதது, எல்லாம் நாங்கள் ஆஸ்பத்திரியில் செய்வதுதான், வேப்பிலை கட்டியிருக்கிறது அவ்வளவுதான். சொறிவதைவிட வேப்பிலையால் வருடுவது மேல், நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ, இருமலோடு நெஞ்சு வலித்தாலோ, பிதற்றினாலோ, டோக்கனும் வேண்டாம் ஆத்தாவும் வேண்டாம், 108.

திருப்பூர்க்காரி (வியாழன்):
எல்லோருக்கும் நன்றி. அன்று மதியமே வீடியோவில் டாக்டர் கிடைத்தார், ஐந்து நிமிடம்தான், ஆனால் சிகரெட் உண்டா என்று முதலில் கேட்டார். (உண்டு, ஆனால் அத்தை பக்கத்தில் இருந்ததால் இவர் இல்லை என்றார், நான்தான் உண்டு என்றேன்.) மாலை நாலு மணிக்கு முதல் மாத்திரை. இன்று புதுக் கொப்புளம் இல்லை. நாத்தனாருக்கு ஐந்தாவது படிக்கும்போது போட்டதாம், அரைப் பரீட்சை எழுதவில்லை என்று அத்தைக்கே ஞாபகம் வந்தது. இருந்தாலும் டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார், ரிசல்ட் நாளைக்கு. மகனுக்கு ஒரு டோஸ்தான் போட்டிருந்தோம், நேற்று இரண்டாவதும் போட்டாயிற்று.

மாடி அறையிலிருந்து இவர் போன் போட்டு, தாளிக்காத ரசத்தை இன்னும் எத்தனை நாள் குடிப்பது என்று கேட்கிறார். அத்தை மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை என்கிறார்.