மால்ஹம்: ஏரித் தண்ணீர் மண்ணுக்குள் போய் எங்கே வெளியே வருகிறது?

வரைபடப்பிரியன்:
இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸில் மால்ஹம் பகுதியின் 1:25,000 வரைபடம் பார்க்கிறேன். மால்ஹம் டார்ன் ஏரியிலிருந்து தெற்கே கிளம்பும் ஓடை கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுகிறது. அங்கே 'வாட்டர் சிங்க்ஸ்' (தண்ணீர் உள்ளே இறங்கும் இடம்) என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே வாட்லோஸ் என்ற ஆழமான பள்ளத்தாக்கில் நீலக்கோடே இல்லை. அது முடியும் இடத்தில் மால்ஹம் கோவ் என்னும் செங்குத்துப் பாறை, அதன் அடியில் திரும்ப ஓர் ஓடை. அது ஏரித் தண்ணீர்தானே? சுண்ணாம்புக்கல் தண்ணீரைக் குடித்துவிடும் என்றால், ஏரி மட்டும் எப்படி நிற்கிறது? அடுத்த மாதம் நாலைந்து பேர் நடக்கப்போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஊற்றுக்கண்:
கல் குடிப்பதில்லை, விரிசல்தான் குடிக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாக அமிலமாகி, வெடிப்புகளைக் கரைத்து அகலமாக்குகிறது.

ஏரி நிற்பதற்குக் காரணம், அதன் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்லே அல்ல. அதைவிடப் பழைய சிலூரியன் காலப் பலகைக்கல், தண்ணீரை விடாது. பனியாறு விட்டுப்போன களிமண்ணும் சரளையும் கரையாக நிற்கின்றன. 1791-இல் மதகு வைத்து மட்டத்தை இன்னும் உயர்த்தினார்கள். 377 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி, ஆழமோ ஐந்து மீட்டர்கூட இல்லை. தெற்கே வடக்கு கிரேவன் பிளவை (பாறைகள் முறிந்து நகர்ந்த கோடு) தாண்டியதும் சுண்ணாம்புக்கல் தொடங்குகிறது. ஓடை உள்ளே போய்விடுகிறது.

பாறையடி ஓடை ஏரியுடையதுதான் என்று எல்லோருமே முதலில் நினைப்பார்கள். ஆனால் சாயம் கலந்து பார்த்ததில், வாட்டர் சிங்க்ஸ் தண்ணீரில் பெரும்பங்கு ஊருக்குத் தெற்கே ஏர் ஹெட் ஊற்றுகளில்தான் வருகிறது. பாறையடியில் வருவது முக்கியமாக மேற்கே ஸ்மெல்ட் மில் என்ற பழைய உலோக உருக்காலை அருகே மறையும் வேறொரு ஓடை. இரண்டு பாதைகளும் பூமிக்குள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. மேலே உள்ள சரிவை வைத்து அடியில் என்ன நடக்கிறதென்று ஊகிக்க முடியாது.

மதகைத் திறந்து வெள்ளம் விட்டால், ஊற்றில் நீர் உயர்வது சாயத்துக்கு முன்பே தெரியும். நிரம்பிய குழாயில் ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் பழைய தண்ணீர்தானே முதலில் வரும்? நீர் உயர்ந்த நேரத்தை வைத்து வேகம் கணக்கிட்டால் தப்பாகிவிடும்.

(கோவ் என்பதோடு 'இல்' சேர்த்தால் கோவிலாகிவிடுகிறது. அதனால்தான் 'பாறையடி' என்று எழுதுகிறேன்.)

கரிசல்:
வாட்லோஸ் பற்றி: பனியுகத்தில் நிலம் உறைந்து விரிசல்கள் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தன. உருகிய நீருக்கு மேலே ஓடுவதைத் தவிர வழியில்லை. அது அறுத்ததுதான் அந்தப் பள்ளத்தாக்கு. கடைசியில் சுமார் 80 மீட்டர் உயரப் பாறையிலிருந்து அருவியாக விழுந்தது. உறைவு தளர்ந்ததும் நீர் உள்ளே இறங்கிவிட, பள்ளத்தாக்கு காய்ந்தது. 2015 டிசம்பர் 6 அன்று டெஸ்மண்ட் புயல் மழையில் நிலத்தடி வழிகள் கொள்ளாமல் அருவி திரும்ப விழுந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாததற்கும் சுண்ணாம்புக்கல்தான் முக்கியக் காரணம். ஆனால் அங்கே பனி உருகிய நீர் அறுத்த பள்ளத்தாக்கு கிடையாது.

காலடி:
நடைக்கு: ஊரிலிருந்து ஜேனட்ஸ் ஃபாஸ் அருவி, கோர்டேல் ஸ்கார் என்ற குறுகிய பாறைப் பிளவு, ஏரி, வாட்லோஸ், பாறை உச்சி என்ற வரிசையில் போங்கள். கோர்டேலில் அருவியோரம் கைவைத்து ஏற வேண்டும். எதிர்த்திசையில் வந்தால் அதே இடத்தில் இறங்க வேண்டும், அது கஷ்டம். அங்கே பிடிக்கும் கல் துஃபா: நீரில் கரைந்த சுண்ணாம்பு காற்றுப்பட்டுத் திரும்பப் படிந்தது. நுரைபோல இருக்கும், உடையும். இழுத்துப் பார்த்துவிட்டுப் பாரம் கொடுங்கள். நீர் பெருகியிருந்தால் ஏறாமல் திரும்பிவிடுங்கள்.

பாறை உச்சியில் இருப்பது கல்தளம். மேடான பாளங்களை கிளின்ட் என்றும் இடைவெட்டுகளை கிரைக் என்றும் சொல்வார்கள். வெட்டுகளுக்குள் நிழலும் ஈரமும் இருப்பதால் பெரணி வளர்ந்து வாயை மூடிவிடும். கணுக்கால் போவது அப்படித்தான். பாளத்தின் நடுவில் மிதியுங்கள். ஊன்றுகோல் வெட்டில் மாட்டும், மடக்கிவிடுங்கள். பலர் நடந்து வழவழப்பான கல், நனைந்தால் சறுக்கும். விளிம்பை நெருங்க வேண்டாம். கல்லைப் பெயர்க்கவும் கூடாது. 1981 வனவுயிர்ச் சட்டத்தின்கீழ் இத்தகைய கல்தளங்களுக்குப் பாதுகாப்பு உண்டு.

இறங்க ஏறக்குறைய 400 படி. முழங்கால் வலி உள்ளவர் குழுவில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வரைபடப்பிரியன்:
நன்றி. ஏர் ஹெட் ஊற்றுகளைப் பார்க்க முடியுமா?

ஊற்றுக்கண்:
முடியும். ஊரிலிருந்து தெற்கே ஓடையோரப் பாதையில் கொஞ்ச தூரம்தான். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. புல்வெளி ஓரத்தில் தண்ணீர் பொங்கும், அவ்வளவே. அதுவும் பாறையடி ஓடையும் சேர்ந்து ஏர் ஆறாகி லீட்ஸ் பக்கம் போகின்றன.