1970 பீட்டிலை மோட்டார் ஹோமின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வது பற்றி

கேள்வி (மிச்சிகன்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு 24 அடி நீளமுள்ள பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டி) ஒன்றை வாங்கினோம். ஃபோர்டு ஈ-450 சேஸின் (அடிச்சட்டத்தின்) மேல் கட்டப்பட்டது. முகாமில் அதை நிறுத்தி, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் இணைத்து, தரைமட்டம் பார்த்து முடித்த பிறகு, ஒரு கேலன் பால் வாங்கக்கூட அத்தனையையும் கழற்றிக்கொண்டுதான் புறப்பட வேண்டும் என்பது முதல் பயணத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே பின்னால் ஒரு சிறிய காரை இழுத்துச் செல்வது என்று முடிவு செய்தோம்.

என்னிடம் 1970 ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று இருக்கிறது. நான்கு கியர், கையால் மாற்றுவது. ஒரு பண்ணைக் கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்ததை வாங்கி, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து ஓட வைத்துவிட்டேன். அடுத்ததாக ஒரு பட்டறையில் பெயின்ட் அடிக்கக் கொடுத்தது என் தவறு. மேலே கண்ணாடி போல மின்னுகிறது. கீழே குனிந்து பார்த்தால், துருவைச் சுரண்டாமலே அதன் மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சை அடித்துத் தந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் சாலை உப்பு எதைத் தின்றது, எதை விட்டது என்பதே இப்போது தெரியவில்லை.

வரும் ஜூன் மாதத்தில் தெற்கு டகோட்டா வழியாக யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துச் செல்லலாமா, அல்லது முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி இழுக்கும் சிறு வண்டியான டாலி நல்லதா? இவ்வளவு சிறிய காருக்குத் தனியாக பிரேக் ஏற்பாடு தேவையா? எந்த வேலையை முதலில் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (ஒன்டாரியோ)

வணக்கம் அண்ணா. நான் 1974 பீட்டில் ஒன்றை ஆறு கோடைகாலம் இப்படி இழுத்துத் திரிந்தவன் என்பதால், அடிபட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உங்களுடையது 1970 ஆக இருப்பது நல்லது. 1971 மாடலில் தொடங்கி வந்த சூப்பர் பீட்டிலின் முன்பக்கத்தில் ஸ்ட்ரட் அமைப்பு (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக) இருக்கிறது. அதில் இழுவைச் சட்டத்தைப் பூட்டுவதற்கு அச்சுக் குழாய் கிடையாது. உங்கள் காரில் முன் சில்லுகளுக்கு நடுவே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள் குறுக்கே ஓடும். பீட்டிலுக்கென்று செய்யப்பட்ட ஏ வடிவ இழுவைச் சட்டம் அந்தக் குழாயைத்தான் கவ்விப் பிடிக்கும். அதாவது, மோட்டார் ஹோம் இழுக்கும் முழு விசையும் அந்தக் குழாயின் வழியாக, அதைச் சேஸுடன் பிணைக்கும் நான்கு போல்ட்டுகளின் வழியாக, அவை இறங்கியிருக்கும் ஃபிரேம் ஹெட் என்ற தகட்டுப் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. இந்த வரிசையில் எங்கே துரு அரித்திருந்தாலும் காரும் வண்டியும் பிரிந்துவிடக்கூடும். ஓட்டுவதற்காக மட்டும் ஒரு காரைத் திருத்துபவர் இன்ஜினில் தொடங்கலாம். இழுப்பதற்காகத் திருத்துபவர் இங்கேதான் தொடங்க வேண்டும்.

அந்தக் கறுப்புப் பூச்சை வெப்பக்காற்றால் இளக்கிச் சுரண்டி எடுங்கள். பிறகு கூரான ஊசியையோ பழைய ஸ்க்ரூ டிரைவரையோ கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் அழுத்திப் பாருங்கள், சிறிய சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும். அரித்துப்போனது அட்டைப் பெட்டியைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். ஃபிரேம் ஹெட்டின் அடித்தகட்டையும் விட்டுவிடாதீர்கள், மண்ணும் உப்பும் தங்குவது அங்கேதான். குழாய்த் தொகுதி புதிதாகவே கிடைக்கிறது. ஃபிரேம் ஹெட் அழிந்திருந்தால் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்து வெட்டி மாற்ற வேண்டும், மேலே ஒட்டுப் போடக் கூடாது.

இன்னுமொன்று, எனக்கே நடந்தது. காரை வாங்கிய முதல் வருடம், எண்ணெய் நிரப்பும் நிலையத்திலிருந்து வலப்பக்கமாகத் திரும்பி நெடுஞ்சாலைக்கு வந்தபோது, பின்னால் வந்த லொறிக்காரர் விடாமல் ஹோர்ன் அடித்தார். இறங்கிப் பார்த்தால் பீட்டிலின் முன் சில்லுகள் இரண்டும் ஒரு பக்கமாக முழுதும் திரும்பியபடியே கிடந்தன. ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள், டயரில் தொட்டால் சுடும் அளவுக்குச் சூடு. காரணம் தேடியபோது, முந்திய உரிமையாளர் அழகுக்காக முன்பக்கத்தைத் தாழ்த்தியிருந்தது தெரிந்தது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் அது நேராக ஓடுவதற்கு ஒரு காரணம். காரிலும் அதே சாய்வு இருக்கிறது, காஸ்டர் என்பார்கள். இழுக்கப்படும் காரில் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை. வளைவு முடிந்ததும் சில்லுகளை நேராக்குவது அந்தச் சாய்வு மட்டுமே. முன்பக்கம் தாழ்ந்தால் சாய்வு குறையும், சில்லுகள் திரும்பிவர மறுக்கும். உங்கள் கார் தாழ்த்தப்பட்டிருந்தால் பழைய உயரத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஸ்டியரிங் டாம்பரும் புதிதாகப் போடுங்கள். அது தளர்ந்திருந்தால் சில்லுகள் உதறத் தொடங்கும். மோட்டார் ஹோமின் இழுவைப் பந்தும் காரின் பூட்டும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரேக்கைப் பொறுத்தவரை, எங்கள் மாகாணத்தில் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத்தான் பிரேக் கட்டாயம். அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் 3,000 பவுண்டு என்பதே எல்லை. பீட்டில் சுமார் 820 கிலோதான். நான் பிரேக் பூட்டாமலேதான் இழுத்தேன்.

மறுமொழி (டெக்சாஸ்)

முன் அச்சு பற்றி மேலே எழுதியவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். பிரேக் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

டாலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பீட்டில் பின்சக்கரங்களால் ஓடும் கார். முன் சக்கரங்களை டாலியில் ஏற்றினாலும் பின்சக்கரங்கள் தரையில்தான் உருளும், கியர் பாக்ஸும் அப்படியே சுழலும். டாலிக்குச் செலவழித்து, அதன் எடையையும் இழுத்து, முகாமில் அதை வைக்க இடமும் தேடி, கியர் பாக்ஸுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் உள்ளே எண்ணெய் சுற்றுவதே இன்ஜின் இயக்கும் பம்பினால்தான். இன்ஜின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் அவை வறண்டு தேய்ந்துவிடும். உங்கள் கியர் பாக்ஸில் அந்தப் பம்பு கிடையாது. பின்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பெரிய பல்சக்கரம் எண்ணெயில் முங்கி எழுந்து, அதை வாரி இறைக்கிறது. நியூட்ரலில் இழுக்கும்போதும் இது நடக்கும். எண்ணெய் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 17 மி.மீ. ஆலன் சாவியால் பக்கவாட்டு மூடியைத் திறந்து சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் தட்டுப்பட வேண்டும். கொட்டகையில் கிடந்த கார் என்றால் பார்க்காமலே வடித்து மாற்றிவிடலாம், இரண்டரை லிட்டர் பிடிக்கும். வடிகால் மூடியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. பல் துண்டுகள் ஒட்டியிருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

1969 மாடலிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்களில் பின்பக்கம் நான்கு சி.வி. ஜாயின்ட்டுகள் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மடங்கும் இணைப்புகள்) உண்டு. ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். முன்சக்கர பேரிங்குகளுக்கும் அதே வேலை. இடப்பக்க நட்டு இடமரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும்) என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் நான் அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

இனி பிரேக். சட்டம் எடையைப் பார்க்கிறது. மலை இறக்கம் சட்டத்தைப் பார்ப்பதில்லை. தெற்கு டகோட்டாவிலிருந்து யெல்லோஸ்டோன் போகும் வழியில் பிக்ஹார்ன் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. அதைக் கடக்கும் யு.எஸ். 14ஏ சாலையில் 10 சதவீதச் சரிவுகள் உள்ளன. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். வயோமிங் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து டென் ஸ்லீப் செல்லும் யு.எஸ். 16 சாலை அதைவிட நல்லது. அதுவும் 9,666 அடி உயரமுள்ள பவுடர் ரிவர் கணவாயை ஏறி இறங்குவதுதான். அங்கே 820 கிலோ பின்னாலிருந்து தள்ளினால் மோட்டார் ஹோமின் பிரேக் அதையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

நல்ல வேளையாக, பீட்டிலின் பிரேக்கில் வாக்யூம் பூஸ்டர் (இன்ஜினின் உறிஞ்சலால் மிதியை இலேசாக்கும் கருவி) கிடையாது. பூஸ்டர் உள்ள கார்களில் இன்ஜின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும். உங்கள் பெடல் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதால், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைக்கும் பெடல் மிதிக்கும் பெட்டி ஒழுங்காக வேலை செய்யும். பெட்டி இருக்கையில் சாய்ந்துதான் பெடலைத் தள்ளுகிறது. இருக்கையின் தண்டவாளப் பூட்டு தேய்ந்திருந்தால் பெடலுக்குப் பதில் இருக்கைதான் பின்னால் போகும். பெட்டி ஓய்வில் இருக்கும்போது பெடலைத் தொட்டுக்கொண்டும் இருக்கக் கூடாது. பெடலின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலுக்கு 1 மி.மீ. அளவு இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் எண்ணெய் திரும்ப வழியின்றி பிரேக் பிடித்தபடியே நிற்கும். பழைய ரப்பர் ஹோஸ்கள் உள்ளே வீங்கினாலும் இதே கதிதான். பிரேக் பிடித்துக்கொண்ட காரை நீங்கள் ஓட்டினால் உடனே உணர்வீர்கள். ஈ-450-இன் இன்ஜின் உணராது, புகை வரும்வரை இழுத்துக்கொண்டே போகும். அதனால் முதல் 10 மைலில் ஒருமுறை நிறுத்தி, நான்கு டிரம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் கோளாறு இருக்கிறது.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

இருவருக்கும் நன்றி. பூச்சைச் சுரண்டினேன். கீழ்க்குழாயின் வலது முனையில், கிரீஸ் நிப்பிளுக்குப் பக்கத்தில், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. பெயின்ட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்துச் சிறிது நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஃபிரேம் ஹெட் தப்பியிருக்கிறது, அடித்தகட்டில் மேல்துரு மட்டுமே. புதிய குழாய்த் தொகுதி, டாம்பர், நான்கு பிரேக் ஹோஸ்கள் வாங்கிப் பூட்டிவிட்டேன். கார் தாழ்த்தப்பட்டதல்ல. மோட்டார் ஹோமின் இழுவைக் கொக்கியில் 5,000 பவுண்டு என்று பொறித்திருக்கிறது. கதவோரம் உள்ள எடை வரம்புகளையும், தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும்போது எடை மேடையில் ஏற்றிக் கிடைத்த எண்ணையும் ஒப்பிட்டேன், இடமிருக்கிறது. பிரேக் பெட்டியும் வாங்கப் போகிறேன். என் மனைவி டெக்சாஸ்காரர் பக்கம் சேர்ந்துவிட்டார்.

மீதியிருப்பது பின்விளக்குகள். மோட்டார் ஹோமில் பிரேக் விளக்கும் திரும்பும் விளக்கும் ஒரே வயர், பீட்டிலில் தனித்தனி பல்புகள். எப்படி இணைப்பது? பயண மைல்கள் காரின் மீட்டரில் ஏறுமா?

மறுமொழி (ஒன்டாரியோ)

பிரேக் விஷயத்தில் நானும் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வருடமும் நான் மலைப்பக்கம் போனதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டது பிழைதான்.

விளக்குக்காகக் காரின் பழைய வயர்களை வெட்ட வேண்டாம். காந்த அடிப்பாகம் கொண்ட தனி விளக்குச் சோடி கிடைக்கிறது. பின் மட்கார்டு இரும்புதான், நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் காந்தத்தின் அடியையும் மட்கார்டையும் துடைத்துவிட்டு வையுங்கள், ஒரு மணல் துகள் போதும் அந்தப் புது பெயின்ட்டைக் கீறுவதற்கு. வயரைக் கதவிடுக்கில் நசுங்காமல் காரின் அடியால் கொண்டுபோய்க் கட்டுங்கள்.

மைல்கள் ஏறும். பீட்டிலின் ஸ்பீடோமீட்டர் கேபிள் இடது முன்சில்லின் நடுவில்தான் தொடங்குகிறது. சில்லு உருண்டால் மீட்டர் ஓடும், இன்ஜின் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன. தூசி மூடியின் நடுவில் சதுரமான கேபிள் முனை துருத்திக்கொண்டிருக்கும், அதில் ஒரு சிறு கிளிப். கிளிப்பை எடுத்துவிட்டுச் சில்லின் பின்புறமாகக் கேபிளை உருவி, மேலே கட்டிவிடுங்கள். துளையை ஒரு சொட்டுக் கிரீஸால் அடையுங்கள். கிளிப்பை நான் இரண்டு முறை புல்லுக்குள் தொலைத்திருக்கிறேன், நாலைந்து வாங்கி வைப்பது நல்லது.

சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஆகவே சாவி உள்ளேயே இருக்கட்டும், ஆனால் இக்னிஷன் நிலைக்குப் போகக் கூடாது. பாயின்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் சுவிட்ச்) மூடிய நிலையில் நின்றிருந்தால், இக்னிஷன் காயில் என்ற மின்சுருள் வெந்துவிடும். கியர் நியூட்ரல், கைப்பிரேக் கீழே, பாதுகாப்புச் சங்கிலிகள் சட்டத்துக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிட்டபடி. பிரேக் பெட்டியோடு வரும் பிரேக்-அவே கம்பியை (கார் கழன்றால் இழுபட்டு அதன் பிரேக்கைப் போடவைப்பது) மோட்டார் ஹோமின் உடலில் மாட்டுங்கள், இழுவைச் சட்டத்தில் அல்ல. சட்டமே கழன்றால் அதுவும் சேர்ந்தல்லவா போகும்.

பின்னால் மட்டும் எடுக்கவே கூடாது. ஓரடி பின்னுக்குப் போனாலும் சில்லுகள் மடங்கிச் சட்டம் வளைந்துவிடும். எண்ணெய் நிலையத்துக்குள் நுழையும் முன்பே வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் இறங்கிக் காரைக் கழற்றிவிடுங்கள். இருவர் இருந்தால் ஐந்து நிமிட வேலை.